ரோசாப்பூ துரையும் நம்ம ஊர் கோர்ட்டும்

என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வக்கீலாகி இருக்கிறான். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "மதுரை பெஞ்சுலதான் சார் இருக்கேன். திருமங்கலம் கோர்ட்ல என்ன சார் இருக்கு? வாய்தா வாங்கியே வயசாயிரும்" என்றான். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜார்ஜ் ஜோசப் என்ற பெயர் தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. சட்டம் படித்தவனுக்கே தெரியவில்லை என்றால் குறை எங்களைப் போன்ற வாத்தியார்களுடையதுதான்.

செங்கன்னூரில் 1887இல் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டர் படித்துவிட்டு 1909இல் ஊர் திரும்பியவர். அந்தக் காலத்தில் வக்கீல்களுக்குள் படிநிலை உண்டு. பிளீடர்களுக்குக் கீழ்க்கோர்ட்டோடு சரி. பாரிஸ்டர் என்றால் உச்சாணிக் கொம்பு. அப்படிப்பட்டவர் சென்னையை விட்டுவிட்டு மதுரையில் வந்து உட்கார்ந்தார். 1918இல் வரதராஜுலு நாயுடு மீதான ராஜதுரோக வழக்கில் ராஜாஜியோடு சேர்ந்து நின்றார். அதே ஆண்டு மதுரை மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார்.

எல்லாவற்றையும் விட, குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பிரமலைக் கள்ளர்களுக்காக வாதாடியதைச் சொல்ல வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, அன்றைய நம் திருமங்கலம் தாலுகாவில் இருந்த பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்த சனங்கள் மீது துப்பாக்கிச் சூடு. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் ஒரு பெண். படிப்பறிவில்லாத அந்த மக்களுக்காகக் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் பேச ஒரு மலையாளக் கிறிஸ்தவ பாரிஸ்டர் இருந்தார். 'ரோசாப்பூ துரை' என்று அவர்களே பேர் வைத்தார்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் பேரை வைத்தார்கள். எந்தப் பட்டத்தையும் விட இது பெரிது என்பேன்.

காந்தி சொன்னார் என்று ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டார், அலகாபாத்தில் பத்திரிகை ஆசிரியரானார், ஜெயிலுக்கும் போனார். 1937இல் டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். 1938இல் மதுரையிலேயே காலமானார். அப்போது வயது 50தான்.

இன்று படிநிலை இல்லை. அமெரிக்காவில் மாநிலக் கோர்ட் வேறு, மத்தியக் கோர்ட் வேறு, தனித்தனி அனுமதி வாங்க வேண்டும். இங்கே பார் கவுன்சிலில் ஒருமுறை பதிந்தால் போதும், திருமங்கலம் முன்சீப் கோர்ட்டிலும் வாதாடலாம், டெல்லி உச்ச நீதிமன்றத்திலும் வாதாடலாம். 1961ஆம் வருஷ வழக்கறிஞர் சட்டம் கொடுத்த உரிமை அது. ஆனால் எல்லோரும் மேலே ஏறவே பார்க்கிறார்கள். மேல்கோர்ட்டில் எவ்வளவு பெரிய வக்கீல் வைத்தாலும், கீழே சாட்சியைச் சரியாக விசாரிக்காத கேஸை என்ன செய்ய முடியும்? பட்டா, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் எல்லாம் நம் தாலுகா கோர்ட்டில்தானே ஆரம்பிக்கிறது?

பையனை மட்டும் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. 2024இல் உயர் நீதிமன்றம் சொன்னபின் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை என்று பார் கவுன்சில் அறிவித்ததே, சென்னை, மதுரை, கோவைக்கு மாதம் 20,000, மற்ற ஊருக்கு 15,000. நம்ம ஊருக்கு அதிலும் ஐயாயிரம் குறைச்சல்! சிறு ஊரில் இருக்கிற ஜூனியருக்குத்தான் கூடக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. சீனியர் வக்கீல்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

போன ஞாயிறு அவனைப் பெருங்காமநல்லூர் நினைவுத்தூணுக்கு அழைத்துப் போனேன். வரும் வழியில் அவன் அதிகம் பேசவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரோசாப்பூ துரை பற்றிச் சொன்னது ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள். அவனுக்குக் காட்ட வேண்டும்.