ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய பிழைகள்

நொண்டும் மாட்டைக் கட்டுத்தறியில் நிறுத்திவைத்து எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் எந்தக் காலில் கோளாறு என்பது விளங்குவதில்லை. நாலடி நடக்கவிட்டால் கணத்தில் விளங்கிவிடும். மாட்டுத் தரகர்கள் அனுபவத்தில் கண்ட இந்தச் சூட்சுமத்துக்கு, கம்ப்யூட்டர் நிரல் எழுதப் பயிலும் நம் மாணவர்களின் பாடத்தில் உரிய ஸ்தானம் அளிக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நிரலில் நேரும் பிழைகளைத் தேடுவதற்கென்று ‘டிபக்கர்’ என்னும் சாதனம் இருப்பதும், அதன் திரையில் ஒரு வரியின் ஓரத்தைச் சொடுக்கி ‘பிரேக்பாயிண்ட்’ வைத்தால் நிரல் அவ்வரியை எட்டியதும் நின்றுவிடுவதும், நின்ற நிலையில் அதன் மாறிகளின் மதிப்புகளை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கலாம் என்பதும் மாணவர்கள் அறிந்தவையே. ஆனால் பல காரியங்கள் ஒரே சமயத்தில் போட்டியிட்டு நடக்கும் நிரலில், ஒன்றை நிறுத்திய மாத்திரத்தில் மற்றவற்றின் கால ஒழுங்கு குலைந்து, தேடிவந்த பிழையே மாயமாய் மறைந்துவிடுவதுண்டு. பார்க்கப் போனால் ஒளிந்துகொள்ளும் இத்தகைய பிழைகளை கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஜிம் கிரே 1985இல் எழுதிய கட்டுரையில் ‘ஹைசன்பக்’ என்று குறிப்பிட்டார்.

இவற்றுக்கென்று ஏற்பட்ட உபாயமே ‘ட்ரேஸ்பாயிண்ட்’. விஷுவல் ஸ்டுடியோ என்னும் நிரல் எழுதும் மென்பொருளில் பிரேக்பாயிண்ட் சிவப்பு வட்டமாகத் தெரிவது போல இது சிவப்புச் சாய்சதுரமாகத் தெரியும். எந்த மாறியின் மதிப்பு வேண்டும் என்பதை அதன் பெட்டியில் எழுதி, ஓட்டம் தொடரட்டும் என்று குறித்துவிட்டால், நிரல் அவ்விடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வரிச் செய்தி பதிவாகிக்கொண்டே வரும். ஜிடிபி என்னும் டிபக்கரிலோ இம்முறை இன்னும் கண்டிப்பானது. எந்த வரியில் பதிவு நிகழ வேண்டும், சார்புக்கு வந்த மதிப்புகளா, உள்மாறிகளா, ரெஜிஸ்டர்களா, எவற்றைச் சேகரிக்க வேண்டும், எத்தனையாவது முறையோடு சேகரிப்பு நிற்க வேண்டும் என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே விதித்துவிட்டுத்தான் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். முடிந்தபின் ஒவ்வொரு பதிவாகப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் சேகரிக்கச் சொல்லாத மதிப்பு ஒன்றை அப்போது கேட்டால் அது கிடைக்காது.

இந்தக் கண்டிப்பைக் குறையென்று சொல்வார் உண்டு. நான் இதையே இம்முறையின் பெருங்குணமாகக் கருதுகிறேன். நிறுத்திப் பார்ப்பவன் சந்தேகம் எதுவும் இல்லாமலே அங்குமிங்கும் துழாவலாம். சேகரிக்கச் சொல்பவனோ, பிழை எங்கே பிறக்கிறது, எதைக் கண்டால் அது நிரூபணமாகும் என்று முதலில் ஓர் அனுமானம் செய்தே தீர வேண்டும். ஜிடிபியின் கையேடு இவ்வோட்டத்தைப் பரிசோதனை என்றே அழைப்பது மிகவும் பொருத்தம்.

பதிவுகளின் பயனுக்கு மார்ஸ் பாத்ஃபைண்டரைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 1997 ஜூலை 4ஆம் தேதி செவ்வாயில் இறங்கிய அவ்விண்கலத்தின் கம்ப்யூட்டர், சில நாட்களில் தானாகவே மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கலாயிற்று. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நிற்கும் யந்திரத்தில் யார் போய் பிரேக்பாயிண்ட் வைப்பது? அதே மென்பொருளைப் பூமியிலுள்ள ஆய்வுக்கூடத்தில், நிகழ்ச்சிகளைப் பதியும் வசதியோடு ஓடவிட்டபோதுதான் காரணம் அகப்பட்டது. வானிலைத் தகவல் திரட்டும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டைத் தன்வசம் வைத்திருக்க, நடுத்தரப் பணிகள் அதை முந்திக்கொண்டு ஓட, அப்பூட்டுக்காக உயர்ந்த பணி காத்துக் கிடந்தது. உரிய வேளையில் வேலை முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு கம்ப்யூட்டரை மறுபடி தொடங்க வைத்தது. பூட்டின் ஓர் அமைப்பை மட்டும் மாற்றியனுப்பி வியாதியைத் தீர்த்தார்கள். அந்தப் பதிவு வசதி விண்கலத்தின் மென்பொருளில் தற்செயலாகத் தங்கிவிட்டதன்று. சோதித்ததையே பறக்கவிட வேண்டும் என்ற கொள்கையின்படி வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

“நிரலின் நடுவே அச்சிடும் வரிகளைச் சேர்த்தால் போதாதா?” என்று கேட்கலாம். அதற்கு மூல நிரலைத் திருத்தி மறுபடி தொகுக்க வேண்டும். காரியம் முடிந்தபின் அவ்வரிகளை நீக்க மறந்துவிடுவதும் சகஜம். ட்ரேஸ்பாயிண்ட் மூல நிரலைத் தீண்டுவதில்லை. அதுவும் செலவின்றி வருவதன்று. ஒவ்வொரு பதிவுக்கும் சிறிது நேரம் கழியும், ஆகையால் அகப்பட்டதையெல்லாம் சேகரிப்பவன் மறுபடியும் கால ஒழுங்கைக் கெடுத்து, ஓடும் பிழையைத் தானே விரட்டிவிடுவான்.

ஆகவே ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: அடுத்த பருவத்தின் ஆய்வுக்கூட வகுப்புகளில் ஒன்றிலாவது, நிரலை எங்கும் நிறுத்தக் கூடாது என்று விதித்து, எதைச் சேகரிக்கப் போகிறோம், ஏன் என்பதைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகே மாணவனை விசைப்பலகையைத் தொடவிடுங்கள்.