மொட்டை மாடியில் எந்த அறை போடலாம்?

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் ஒரு வீட்டின் மதிப்பே அதன் மொட்டை மாடியில்தான் இருக்கிறது. 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றுவதைப் பார்க்க சொந்தபந்தமெல்லாம் மாடியில் கூடிவிடும். மற்ற நாட்களில் அதே மாடியில் வடாம் காயும், துணி காயும். திடீரென்று ஒரு நாள் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகும். அல்லது பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். "மேலே ஒரு ரூம் போட்டா என்ன?" என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மேலைநாடுகளில் சாய்வான கூரைக்கு அடியில் இருக்கும் இடத்தை அறையாக மாற்றிக்கொள்வார்கள். தமிழ்நாட்டு வீட்டில் பரண் என்றால் அண்டாவும் குண்டாவும் போடும் இடம். அதில் ஆள் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. அதனால் இங்கே கூடுதல் அறைக்கு இருக்கும் ஒரே இடம் மொட்டை மாடிதான். அதில் போடுவது கீற்றா, தகர ஷீட்டா, ஓடா, கான்கிரீட்டா?

பெரும்பாலானவர்கள் இதைக் கையில் இருக்கும் பணத்தை வைத்தோ, பக்கத்து வீட்டுக்காரர் போட்டதைப் பார்த்தோ முடிவு செய்கிறார்கள். உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கீழே இருக்கும் வீடு எவ்வளவு தாங்கும்? மேலே படுக்கப்போவது யார்?

முதல் கேள்விக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை. அதற்கு 5 அங்குல கான்கிரீட் தளம் போட்டால் தளம் மட்டுமே சுமார் மூன்றரை டன். பத்தடி உயரத்துக்கு 9 அங்குல செங்கல் சுவர் நான்கு பக்கமும் எழுப்பினால், கதவு ஜன்னல் போக, ஏறக்குறைய 15 டன். கூரைக்கு மேல் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை ஏற்றினால் இன்னொரு டன். "சின்ன ரூம்தானே" என்று சொல்லும் அந்த அறை கிட்டத்தட்ட 20 டன்! அதே அளவுக்குத் தகர ஷீட் போட்டால், இரும்புக் குழாய்களோடு சேர்த்தும் கூரையின் எடை சில நூறு கிலோதான். மங்களூர் ஓடு என்றால் ஓடு மட்டும் சுமார் அரை டன், சட்டம் தனி.

கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் உண்டு. மர உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்தி அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்ட தளம் அது. வெயிலுக்கு இதமானது. ஆனால் இன்னொரு வீட்டைச் சுமக்கக் கட்டியதல்ல. சுவருக்குள் புதைந்த உத்திரத்தின் முனையைக் கரையான் அரித்திருந்தால் வெளியே தெரியவும் தெரியாது. அந்த வீட்டின் மேல் கான்கிரீட் அறை என்பது யோசிக்கவே கூடாத காரியம்.

பில்லர் போட்ட வீடுகளிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. "பின்னாடி மாடி கட்டிக்கலாம்" என்று மேலே நீட்டிவிட்ட கம்பிகள் பத்துப் பதினைந்து வருடம் மழையில் நனைந்து துரு ஏறி நிற்கும். கம்பி நீட்டிக்கொண்டிருப்பதாலேயே அஸ்திவாரம் இரண்டு மாடிக்குப் போட்டது என்று அர்த்தமில்லை. வீட்டின் பழைய வரைபடம் இருந்தால் அதையும், இல்லையென்றால் அஸ்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டியும் ஒரு பொறியாளரிடம் காட்ட வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் பெரிதுதான். ஆனால் மண்ணுக்கு அடியில் இருப்பதை அவராலும் பார்க்க முடியாது.

சரி, கீற்று? செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் மாடிக்கு மாடி கீற்றுக் கொட்டகையைப் பார்க்கலாம். குளிர்ச்சிக்கு அதை அடிக்க வேறில்லை. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்ததை இந்த மாநிலம் மறக்க முடியாது. தீபாவளி ராக்கெட் ஒன்று போதும். பகலில் உட்கார்ந்து பேச கீற்று சரி. அடுப்பு மூட்டவும், ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவும் சரியல்ல. விலை குறைவு என்று கல்நார் ஷீட் போடுவதும் வேண்டாம். அதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

இப்போது இரண்டாவது கேள்வி. வீட்டில் யாருடைய பேச்சு எடுபடாதோ அவருக்குத்தான் பெரும்பாலும் மாடி அறை போகிறது. கல்யாணமாகி வந்த மருமகள், படிக்கிற பையன், அல்லது வயதான தாய் தகப்பன். சித்திரை வெயிலில் வெறும் தகர ஷீட்டின் கீழே அவர்கள் எப்படி இருப்பார்கள்? ராத்திரி கழிப்பறைக்குப் போக, கைப்பிடி இல்லாத படியில் எழுபது வயதுக்காரர் இறங்க வேண்டுமா? ஷீட்டுக்குக் கீழே ஒரு அடி இடைவெளி விட்டு உள்கூரை, சூடான காற்று வெளியேற எதிரெதிரே திறப்பு, படிக்குக் கைப்பிடி, மாடியிலேயே ஒரு கழிப்பறை. இவையெல்லாம் சேர்ந்ததுதான் அறையின் விலை. இதற்குப் பணம் போதாதென்றால் இன்னும் ஒரு வருடம் பொறுப்பது நல்லது.

மலையடிவார வீடுகளின் கதை வேறு. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியதில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுக்கும் மாடி அறைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சரிவை ஒட்டிய வீட்டில் எந்த வகை அறை என்று கேட்பதற்கு முன்னால், அங்கே இன்னும் நான்கு பேரைக் குடிவைக்கலாமா என்று கேட்க வேண்டும். வாடகைக்காக என்றால் கூடவே கூடாது.

2024-இல் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் கட்டும் புது வீடுகளுக்கு இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அனுமதி சுலபமாகிவிட்டதால் பழைய சுவருக்குப் பலம் கூடிவிடாது.

ஆகவே, பழைய வீட்டுக்கு இரும்புச் சட்டத்தில், கால்களைச் சுவர்களின் மேல் நிறுத்தி, உள்கூரையோடு ஷீட் அல்லது ஓடு. கணக்குப் போட்டுக் கட்டிய பில்லர் வீட்டுக்குக் கான்கிரீட். சரிவில் இருக்கும் வீட்டுக்கு எதுவும் வேண்டாம். எதைக் கட்டினாலும் மாடியில் பாதியையாவது திறந்தே விட்டுவைக்க வேண்டும். வடாம் காய வேண்டும். தீபம் பார்க்க வேண்டும். சித்திரையில் கரண்ட் போன ராத்திரியில் பாயைத் தூக்கிக்கொண்டு வர ஓர் இடமும் வேண்டுமே!