சிங்கிள்டாஸ்க் என்னும் சர்வரோக நிவாரணி

ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதுவோரிடையே ஓர் அபிப்பிராயம் நெடுநாளாக வேரூன்றி நிற்கிறது. அறிவிப்பைத் தொட்டதும் முன்பே திறந்திருந்த திரை வராமல் அதே திரையின் மற்றொரு பிரதி முளைக்கிறதென்றும், பேக் பட்டனை அழுத்தியபின்னரே பழையது அடியிலிருந்து தலைகாட்டுகிறதென்றும், தொழிலுக்குப் புதியவர் ஒருவர் முறையிட்டால், அனுபவஸ்தர்கள் சற்றும் யோசியாமல், "மேனிஃபெஸ்ட்டில் லாஞ்ச் மோடை சிங்கிள்டாஸ்க் என்று போடு, சரியாகிவிடும்" என்று அருள்வாக்குச் சொல்லிவிடுகிறார்கள். அவ்வாறே போட்டால் அவர் கண்ட குறை அக்கணமே மறைவதும் மெய்தான். அதற்குப் பதிலாக வந்து சேரும் குறைகள் உடனே புலப்படுவதில்லை; ஆதலால் இந்த வைத்தியத்தின் கீர்த்தி குன்றாமலே இருந்துவருகிறது.

இரண்டாம் பிரதி தோன்றுவது ஆண்ட்ராய்டின் பிழை என்பதே இந்த வாதத்துக்கு அஸ்திவாரம். அது பிழையன்று. புத்தகக் கடைச் செயலியில் ஒரு நூலின் பக்கத்திலிருந்து வேறொரு நூலின் பக்கத்துக்குப் போகிறவர், பேக் பட்டனை அழுத்தினால் முந்தைய நூலுக்கே திரும்ப எதிர்பார்ப்பார். ஒரே ஆக்டிவிட்டி இரு பிரதிகளாக அடுக்கில் நின்றால் அது சுலபமாகச் சித்திக்கும். கேட்கும்போதெல்லாம் புதியதொன்றைப் படைப்பதே, லாஞ்ச் மோடு எதுவும் குறிக்காதபோது அமையும் ஸ்டாண்டர்டு முறையின் சங்கற்பம். பழையதே வேண்டும் என்பவர் அதை வாய்திறந்து கேட்கவேண்டும்.

கேட்கும் விதத்தில்தான் விபரீதம் விளைகிறது. சிங்கிள்டாஸ்க், பழைய திரையைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்துவதோடு அமைவதில்லை. அதன்மேல் அடுக்கப்பட்டிருந்த திரைகள் அனைத்தையும் சம்ஹாரம் செய்துவிட்டே அதை வெளிப்படுத்துகிறது. மின்னஞ்சல் செயலி ஒன்றில் கடிதப் பட்டியல் இவ்விதியின்கீழ் இருக்க, அதன்மேல் எழுதும் திரையைத் திறந்து பாதிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர், புதுக் கடிதம் வந்ததாகச் சொல்லும் அறிவிப்பைத் தொட்டாரானால், அவர் எழுதியதைச் செயலி தனியே சேமித்து வைத்திருந்தாலன்றி, அது திரையோடு கூடவே மாண்டுபோகும். ஆன் சேவ் இன்ஸ்டன்ஸ் ஸ்டேட் இங்கே கைகொடுக்காது. அது திரும்பி வரப்போகிற திரைக்கு உரியதேயன்றி, முடித்துவைக்கப்பட்ட திரைக்கு உரியதன்று. மேலும், மேனிஃபெஸ்ட்டில் எழுதிய விதி அறிவிப்புக்கு மட்டும் பொருந்தி நிற்பதுமில்லை. செயலியின் முதல் திரைக்கே அதை விதித்துவிட்டால், ஹோம் போய்விட்டு ஐகானைத் தொட்டுத் திரும்புகிறவருக்கும், விட்ட இடம் கிடைக்காமல் முதல் திரையே கிடைக்கிறது. ஒரு தொடுகையின் பொருட்டு எல்லா நுழைவாயில்களுக்கும் சட்டம் இயற்றுவது எவ்வித நியாயம் என்று விளங்கவில்லை. இன்டென்ட்டிலேயே கிளியர் டாப், சிங்கிள் டாப் என்னும் இரு ஃபிளாக்குகளையும் சேர்த்து அனுப்பினால், மேலிருப்பவை நீங்கத்தான் செய்யும். ஆனால் அந்த விதி அந்த ஒரு தொடுகையோடு முடிந்துவிடும். கிளியர் டாப்பை மட்டும் தனியே இட்டால், ஸ்டாண்டர்டு முறையிலுள்ள திரை தானும் அழிந்து புதிதாகப் பிறக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பழைய திரை வந்துவிட்டால் புதுச் செய்தியும் தானே அதில் வந்து அமரும் என்பது அடுத்த நம்பிக்கை. உயிரோடிருக்கும் திரைக்கு ஆன் கிரியேட் மறுபடி அழைக்கப்படுவதில்லை; புது இன்டென்ட், ஆன் நியூ இன்டென்ட் வழியாகவே வருகிறது. அங்கே செட் இன்டென்ட் சொல்லாவிட்டால், பின்னர் கெட் இன்டென்ட் என்று கேட்பவருக்குப் பழைய இன்டென்ட்டே கிடைக்கும். இதற்கு முன்னரே இன்னொரு கண்ணி உண்டு. அறிவிப்போடு ஒப்படைக்கும் இரண்டு பெண்டிங் இன்டென்ட்டுகள் ஒன்றா வேறா என்று ஆண்ட்ராய்டு ஒப்பிடும்போது, உள்ளே வைத்த எக்ஸ்ட்ராக்களைப் பார்ப்பதேயில்லை. ஆகையால் இருவேறு நண்பர்களின் செய்திகளுக்கு இரண்டு அறிவிப்புகள் போட்டிருந்தும், ரிக்வெஸ்ட் கோடோ டேட்டா முகவரியோ வேறுபடாவிட்டால், அப்டேட் கரண்ட் ஃபிளாக் இட்டவருக்கு இரண்டும் பிந்தியவரிடமும், பழையதை மாற்றும் ஃபிளாக் எதுவும் இடாதவருக்கு இரண்டும் முந்தியவரிடமும் கொண்டுபோய் விடும். இந்தக் குறைக்கும் லாஞ்ச் மோடுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும், "சிங்கிள்டாஸ்க் போட்டும் தவறான திரை வருகிறதே" என்று மயங்குவோர் அநேகர்.

திரை எப்போதும் அங்கேயே காத்திருக்கும் என்ற எண்ணமும் பிசகு. நினைவகம் போதாதபோது பின்னணியில் கிடக்கும் செயலியின் பிராசஸையே ஆண்ட்ராய்டு கொன்றுவிடும். அடுக்கின் குறிப்பு மாத்திரமே எஞ்சும். அதற்குப் பிறகு அறிவிப்பைத் தொடுகிறவர் காண்பது, சேமித்த பண்டிலிலிருந்து மறுஜென்மம் எடுத்த திரையே. வியூ மாடலில் மட்டும் வைத்திருந்த விஷயங்கள் அதற்கு ஞாபகம் இரா.

எல்லாவற்றுக்கும் அடியில், தொடுகிறவர் விரும்புவது எப்போதும் பழைய திரைதான் என்ற அனுமானம் கிடக்கிறது. பாட்டுக் கேட்கும் செயலியில் அது உண்மையாக இருக்கலாம்; அங்கே லாஞ்சர் அனுப்புவதுபோன்ற மெயின் ஆக்‌ஷனும் லாஞ்சர் கேட்டகிரியும் கொண்ட இன்டென்ட்டை நியூ டாஸ்க் ஃபிளாக்குடன் அனுப்பினால், ஸ்டாண்டர்டு முறையிலுள்ள முதல் திரையின் மேலிருப்பது எதுவும் கலையாமல், அடுக்கு இருந்தபடியே முன்னே வந்து நிற்கும். கடிதம் வந்ததைச் சொல்லும் அறிவிப்பிலோ, வேண்டுவது அந்தக் கடிதமும், பேக் பட்டனை அழுத்தினால் அதன் பட்டியலும். 2012இல் ஆண்ட்ராய்டு 4.1இல் வந்த டாஸ்க் ஸ்டாக் பில்டர் இதற்கென்றே அமைந்தது. அது இருந்த அடுக்கைக் கலைத்துவிட்டு முறையான அடுக்கைப் புதிதாகக் கட்டுகிறது. தொடுகை நேர்ந்த பிறகு ஒரு ரிசீவரில் வைத்து எத்திரை என்று தீர்மானித்துத் திறந்துகொள்ளலாம் என்பவர்களுக்கும் இப்போது இடமில்லை. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12, தன்னை இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு அந்த டிராம்போலின் வழியை அடைத்துவிட்டது. ஆகவே தீர்மானம், அறிவிப்பை வெளியிடும் வேளையிலோ திறந்த ஆக்டிவிட்டிக்குள்ளேயோதான் நிகழ்ந்தாகவேண்டும்.