7 நாள் லாரி எண்ணி, 20 வருஷத்துக்கு ரோடு போடலாமா?

சென்னைத் துறைமுகம் - மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு இரண்டு பிரதமர்கள் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 2009 ஜனவரியில் மன்மோகன் சிங். 2022 மே மாதத்தில் நரேந்திர மோடி. நடுவில், தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று சொல்லி 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. வழக்கு, தீர்ப்பு, புது டிசைன் என்று பத்து வருஷம் ஓடிவிட்டது. இப்போதைய திட்டத்தின் நீளம் சுமார் 20.5 கி.மீ., மதிப்பீடு 5,800 கோடி ரூபாய்க்கு மேல். நகருக்குள் இரண்டு அடுக்கு: மேலே துறைமுக லாரிகள், கீழே உள்ளூர் வண்டிகள்.

யார் நிறுத்தினார்கள், யார் தொடங்கினார்கள் என்று நிறையப் பேசியாச்சு. அதிகம் பேசாத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மேல் அடுக்கில் 20 வருஷம் கழித்து ஒரு நாளைக்கு எத்தனை லாரி ஓடும்? அவை எங்கிருந்து எங்கே போகும்?

இதற்கான பதில் தப்பானால் இரண்டில் ஒன்று நடக்கும். ஓட ஆளில்லாத ரோட்டுக்கு வரிப்பணம் போய்ச் சேரும். அல்லது திறந்த சில வருஷத்திலேயே ரோடு நிரம்பி, ராயபுரம், திருவொற்றியூர், மணலி ஜனங்கள் மறுபடியும் லாரி வரிசைக்கு நடுவில் வாழ வேண்டியிருக்கும்.

நாம் கொட்டும் பணத்துக்கு ஈடான தரத்தில் நம் சரக்குப் போக்குவரத்துக் கணிப்பு இல்லை. அதைச் சரிசெய்யத் தேவையான டேட்டாவில் பெரும்பகுதி அரசிடமே இருக்கிறது. அதைத் திட்டமிடுபவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

கணக்கு எப்படிப் போடுறாங்க?

பொதுவாக ஒரு நெடுஞ்சாலைத் திட்டம் என்றால், ரோட்டோரம் ஆள் அல்லது கேமரா வைத்து 7 நாள், 24 மணி நேரமும் வண்டிகளை வகை பிரித்து எண்ணுவார்கள். ஓரிரு நாள் சில லாரிகளை ஓரங்கட்டி, "எங்கேயிருந்து வர்றீங்க, என்ன லோடு?" என்று டிரைவரிடம் கேட்பார்கள். பிறகு அந்த எண்ணிக்கையை வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று வளர்த்துக்கொண்டே போவார்கள்.

வளர்ச்சி விகிதத்துக்குச் சரியான தரவு கிடைக்கவில்லை என்றால்? ரோட்டின் கனத்தைக் கணக்கிட இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்டுள்ள ஐ.ஆர்.சி. 37 வழிகாட்டி, குறைந்தது 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

5 சதவீதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டு வட்டி மாதிரி இது வளரும். இன்று 10,000 லாரி ஓடும் ஒரு ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 3 சதவீதம் என்றால் 20 வருஷத்தில் சுமார் 18,000 லாரி. 5 சதவீதம் என்றால் 26,500. 7 சதவீதம் என்றால் 38,700. ஆரம்பத்தில் வெறும் 4 புள்ளி வித்தியாசம், முடிவில் இரண்டு மடங்குக்கு மேல். எத்தனை லேன் போடுவது என்ற முடிவே இதில் மாறிவிடும்.

ஆபீஸ் போறது வேற, சரக்கு போறது வேற

போக்குவரத்துக் கணிப்புக்கு உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கும் முறைக்கு நான்கு படிகள். எத்தனை பயணம் கிளம்பும், அவை எங்கே போகும், எந்த வாகனத்தில் போகும், எந்த ரோட்டில் போகும். இது மனிதர்களின் பயணத்தை மனதில் வைத்து உருவானது. காலையில் வீட்டிலிருந்து ஆபீஸ், மாலையில் ஆபீஸிலிருந்து வீடு. பஸ்ஸா பைக்கா என்று முடிவு செய்வதும் நீங்கள்தான்.

சரக்கு அப்படி இல்லை. விற்பவர், வாங்குபவர், லாரி புக்கிங் ஆபீஸ், சுங்க ஏஜென்ட் என்று ஒரு லோடுக்குப் பின்னால் நான்கைந்து பேர் முடிவெடுக்கிறார்கள். துறைமுகத்தில் இறங்கும் ஒரு கன்டெய்னர் முதலில் சி.எஃப்.எஸ். எனப்படும் கன்டெய்னர் சரக்கு நிலையத்துக்குப் போகலாம். அங்கிருந்து ஃபேக்டரிக்கு. சரக்கை இறக்கிய பிறகு காலிப் பெட்டி இன்னொரு யார்டுக்கு. பெட்டியை விட்ட லாரி ரிட்டர்ன் லோடு கிடைத்தால் ஏற்றும், கிடைக்காவிட்டால் சும்மாவே திரும்பும். ஒரே பெட்டிக்கு மூன்று நான்கு டிரிப். ஆகவே துறைமுகச் சரக்கு இரண்டு மடங்கானால் லாரியும் இரண்டு மடங்காகும் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு உத்தரவு போதும்

சரக்கின் பாதையை மாற்ற ஒரு அரசாணையோ தீர்ப்போ போதும். 2009 அடிக்கல்லுக்கும் 2022 அடிக்கல்லுக்கும் நடுவில் நடந்ததைப் பாருங்கள்.

2011-ல் சென்னை உயர் நீதிமன்றம், தூசு கிளப்பும் நிலக்கரியையும் இரும்புத் தாதையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்றது. நிலக்கரி எண்ணூர் பக்கம் நகர்ந்தது. அதன் பிறகு காட்டுப்பள்ளி துறைமுகமும் செயல்பாட்டுக்கு வந்து, கன்டெய்னர்களுக்குப் போட்டி வந்தது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன், மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது விழும் மத்திய விற்பனை வரியைத் தவிர்க்க, பல நிறுவனங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கோடவுன் வைத்திருந்தன. அந்தத் தேவை போனதும், சின்ன கோடவுன்களை மூடிவிட்டுப் பெரிய கோடவுன் ஒன்றிலிருந்து பல ஊர்களுக்கு அனுப்புவது லாபமாகிவிட்டது.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன். அதே சரக்கைக் குறைந்த லாரிகளில் ஏற்றலாம், நல்லதுதானே? ஒரு பக்கம் நல்லது. ஆனால் ரோட்டுக்கு விழும் அடி, அச்சு எடையின் நான்காம் மடங்கில் ஏறும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. அச்சு எடை 13 சதவீதம் கூடினால் சேதம் ஏறக்குறைய 60 சதவீதம் கூடும். லாரியை மட்டும் எண்ணுபவருக்கு "டிராஃபிக் குறைஞ்சிடுச்சு" என்று தோன்றும் அதே நேரத்தில் ரோடு சீக்கிரம் உடையும்.

இறக்குமதிப் பெட்டியை சி.எஃப்.எஸ். போகாமல் நேராக ஃபேக்டரிக்கே எடுத்துப்போக சுங்கத்துறை இன்னொரு வசதியும் தருகிறது. மணலி, மாதவரம் பக்கம் போக வேண்டிய லாரி ஸ்ரீபெரும்புதூருக்கே நேராகப் போய்விடும். இந்த வசதியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து மதுரவாயல் சாலையின் மேல் அடுக்கு நிரம்பலாம், அல்லது பாதி காலியாகக் கிடக்கலாம். 7 நாள் எண்ணிக்கையில் இது தெரியவே தெரியாது.

டேட்டா எங்கே இருக்கு?

நம் எல்லாரிடமும் இருக்கிறது. 2018 ஏப்ரலிலிருந்து, 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் வரம்பு 1 லட்சம். அந்த பில்லில் கிளம்பும் இடத்தின் பின்கோடு, சேரும் இடத்தின் பின்கோடு, என்ன பொருள், வண்டி எண் எல்லாம் இருக்கும். டோல்கேட்டில் ஃபாஸ்டேக் இருக்கிறது. எந்த வண்டி, எந்த நேரம், எந்தப் பிளாசா என்று பதிவாகிறது. ரோட்டில் லாரியை நிறுத்திக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஏற்கெனவே சர்வரில் கிடக்கிறது.

ஆனால் இதில் ஓட்டைகளும் உண்டு. அதைத் தெரியாமல் இந்த டேட்டாவை அப்படியே நம்பினால் பழைய தப்பு புது வடிவில் வரும். துறைமுகத்திலிருந்து சுங்கச் சோதனைக்காக சி.எஃப்.எஸ். போகும் சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை. காலி கன்டெய்னருக்கும் தேவையில்லை. காலி லாரி பற்றிக் கேட்கவே வேண்டாம். அதாவது வடசென்னையை நெரிக்கும் டிரிப்புகளில் கணிசமானவை இந்தப் பதிவில் வராது. கோயம்பேட்டுக்கு வரும் காய்கறி லோடும் வராது. அளவைப் பார்த்தால் ஒரு பில்லில் கிலோ, இன்னொன்றில் பெட்டி, இன்னொன்றில் எண்ணிக்கை. அதை டன்னாக மாற்றுவதே தனி வேலை.

ஆகவே இ-வே பில், ஃபாஸ்டேக், துறைமுக கேட் பதிவு, சி.எஃப்.எஸ். கேட் பதிவு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கும். இவை எதிலும் சிக்காததைப் பிடிக்கத்தான் ரோட்டோர சர்வே. அதை நிறுத்தச் சொல்லவில்லை. எங்கே தேவையோ அங்கே வைக்கச் சொல்கிறேன்.

கம்பெனி ரகசியம் வெளியே போயிடாதா?

நியாயமான பயம். யார் யாருக்கு எவ்வளவு விற்கிறார்கள் என்பது போட்டியாளருக்குத் தெரியக் கூடாது. வரி வசூலுக்காகக் கொடுத்த தகவலை வேறு வேலைக்கு எடுக்கலாமா என்ற கேள்வியும் இருக்கிறது.

அமெரிக்கா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே 1993-லிருந்து பெரும்பாலும் 5 வருஷத்துக்கு ஒரு முறை நிறுவனங்களிடம் சரக்கு அனுப்பும் விவரத்தை சர்வே எடுக்கிறார்கள். தனி நிறுவனத்தின் தகவல் வெளியே வராது. அதையும் மற்ற தரவுகளையும் சேர்த்து, நாட்டை 132 மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்திலிருந்து எதற்கு என்ன பொருள், லாரியிலா ரயிலிலா என்று அட்டவணையாக வெளியிடுகிறார்கள். கல்லூரி மாணவர்கூட இலவசமாக டவுன்லோடு செய்யலாம்.

நாமும் அதையே செய்யலாம். ஜி.எஸ்.டி. எண், வண்டி எண் இரண்டையும் நீக்கி, பின்கோடுகளைத் தாலுகா அளவில் தொகுத்து, மாத மொத்தமாகக் கொடுத்தால் போதும். ஒன்றிரண்டு நிறுவனங்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் எண்ணை மறைத்துவிடலாம். ரோடு திட்டமிட இதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை.

மூன்று வேலைகள்

முதலாவது, இந்தத் தொகுப்புத் தரவை மாநில நெடுஞ்சாலைத் துறைக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒழுங்காகக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஒற்றை எண்ணைச் சொல்லும் கணிப்பை ஏற்கக் கூடாது. சி.எஃப்.எஸ். போகாத பெட்டிகள் கூடினால் இவ்வளவு, பக்கத்துத் துறைமுகம் சரக்கை இழுத்தால் இவ்வளவு, எடை வரம்பு மறுபடி மாறினால் இவ்வளவு என்று வரம்பாகச் சொல்ல வேண்டும். எந்தச் சூழலிலும் பயன்படும் பகுதியை முதலில் கட்டலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திறந்து 1 வருஷம், 5 வருஷம் கழித்து, கணித்தது எவ்வளவு, ஓடியது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட வேண்டும். பென்ட் ஃப்ளூபியர் குழு 14 நாடுகளின் 210 திட்டங்களை வைத்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பாதி ரோடு திட்டங்களில் கணிப்புக்கும் நிஜத்துக்கும் 20 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. கணிப்பு எப்படியும் கொஞ்சம் தப்பும், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் எங்கே தப்பியது என்று யாரும் பார்க்காவிட்டால், அடுத்த திட்ட அறிக்கையிலும் அதே 5 சதவீதம்தான் வந்து உட்காரும்.

5,800 கோடி ரூபாய்க்குப் பாலம் கட்ட முடிகிற நமக்கு, அதில் என்ன ஓடப்போகிறது என்று ஒழுங்காக எண்ணிப் பார்ப்பது பெரிய செலவில்லை. மேல் அடுக்கு திறக்கும் முன்பே அதற்கான கணிப்பை வெளியிடுங்கள். திறந்த பிறகு லாரிகளை நாங்களும் சேர்ந்து எண்ணிக்கொள்கிறோம்.