வட்டமும் சதுரமும்

அரசாங்க மருத்துவமனை. மரபியல் பிரிவின் வாசலில் ஒரு பெஞ்சு. அதன் மீது ஒரு தாய். மடியிலே தலை நிற்காத குழந்தை. பக்கத்தில், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த தகப்பன். பெரிய டாக்டரைப் பார்க்குமுன் அவர்கள் பார்ப்பது ஓர் இளைஞரை, பயிற்சி டாக்டரை. அவர் கையிலே பேனா. மேசையிலே கேஸ் ஷீட். அந்தப் பேனா என்ன எழுதுகிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

டாக்டர் எழுதுவது நமக்கெதற்கு என்று கேட்டுவிடாதீர்கள், தோழர்களே! காய்ச்சலுக்குப் போனால் எழுதப்படுவது ஒருவர் கதை. இங்கே எழுதப்படுவதோ மூன்று தலைமுறையின் கதை!

ஜோசியனும் மூன்று தலைமுறை பேசுவான். முன்வினை என்பான், நாகதோஷம் என்பான், பரிகாரத்துக்குப் பணம் கேட்பான். இந்த இளைஞர் நட்சத்திரம் கேட்பதில்லை. "கரு கலைந்தது உண்டா அம்மா? பிறந்து இறந்தது உண்டா? உங்கள் தாய்க்கு எத்தனை பிள்ளைகள்? சொந்தத்தில் கட்டிக்கொண்டீர்களா?" என்று கேட்கிறார்; கேட்டுக்கொண்டே படம் போடுகிறார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோயுற்றவர் என்றால் உள்ளே கறுப்பு. இறந்தவர் மேல் சாய்கோடு. கலைந்த கருவுக்குச் சின்ன முக்கோணம். உறவிலே மணந்தவர்களுக்கு இடையே இரட்டைக் கோடு. அமெரிக்க மரபியல் ஆலோசகர்களின் சங்கம் 1995-இல் ஒழுங்கு செய்த குறிகள் இவை.

படம் எளிது, கேள்விதான் கடினம். நம் தாய்மொழியிலே தாய்மாமன் வேறு, சித்தப்பா வேறு. இங்கிலீஷிலோ எல்லாரும் 'அங்கிள்'! இந்த நுட்பம் நமக்குப் பெருமைதான். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. "என் அண்ணனுக்கும் இதே நோய்" என்பார் ஒருவர். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவரா, பெரியப்பா மகனா? "மாமாவைக் கட்டிக்கொண்டேன்" என்பாள் ஒரு பெண். அம்மாவின் தம்பியா, அத்தை பெற்ற பிள்ளையா? கேட்காமல் எழுதினால் படம் பொய், படம் பொய்யானால் கணக்கும் பொய். தாய்மாமனை மணந்தவளின் குழந்தைக்கு நெருக்கக் கணக்கு எட்டில் ஒன்று. அத்தை மகனை மணந்தால் பதினாறில் ஒன்று. லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட், சிறுநீர் கறுத்துப்போகும் ஒரு நோயை ஆராய்ந்தபோது, நோயுற்றோரின் பெற்றோர் பலர் உறவினர் என்று கண்டு 1902-இல் எழுதினார். அப்படிக் கேட்டு எழுதியவர் இருந்ததால்தான் வழி பிறந்தது.

இத்தகைய நோய்களில் தாயிடமிருந்து ஒரு பழுதும் தந்தையிடமிருந்து ஒரு பழுதும் சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய். இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பங்கு சரிபாதி. பழியோ? முழுவதும் அவளுக்கே! 'ராசி கெட்டவள்' என்று மாமியார் சொன்ன சொல்லைத் துடைக்க அந்த ஒரு படம் போதும். அதை அந்தத் தகப்பனுக்கும் காட்டி விளக்கவேண்டாமா?

எழுதுகிறவன் கண் கோணினால் என்ன நடக்கும்? அமெரிக்காவிலே நடந்தது. 1910-இல் நியூயார்க்கின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் 'யூஜெனிக்ஸ் ரிக்கார்டு ஆபீஸ்' திறந்தார்கள். கோடை விடுமுறையில் சில வாரம் பயிற்சி. பிறகு வீடு வீடாகப் போய், இவன் மந்தபுத்தி, அவள் ஒழுக்கம் கெட்டவள் என்று வட்டத்துக்கும் சதுரத்துக்கும் பக்கத்தில் எழுதி வந்தார்கள். யாரைப் பற்றி? ஏழைகளைப் பற்றி! வர்ஜீனியாவில் கேரி பக் என்ற ஏழைப் பெண். வளர்த்த வீட்டாரின் உறவினனால் கெடுக்கப்பட்டவள். அவள் கைக்குழந்தையைப் பார்த்த சமூகசேவகி ஒருவர், குழந்தையின் பார்வை சரியில்லை என்றார். அளந்தாரா? இல்லை. பார்வை போதுமாம்! தாயும் மகளும் பேத்தியும் மூன்று தலைமுறைப் பழுது என்று 1927-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே முத்திரை குத்தியது. கேரிக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அந்தக் குழந்தை விவியன், பள்ளியிலே நன்றாகப் படிப்போர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோயால் மாண்டாள். அமெரிக்கா எங்கும் இப்படி 60,000-க்கும் மேற்பட்டோர்.

ஆபீசை 1939-இல் மூடினார்கள். பழக்கம் உடனே சாகவில்லை. முகம் வேறாக இருந்த குழந்தையின் கேஸ் ஷீட்டிலே, 'வேடிக்கை முகக் குழந்தை' என்பதன் மூன்று இங்கிலீஷ் எழுத்தைக் கிறுக்கினார்கள் டாக்டர்கள். கை நடுவே ஒற்றை ரேகை ஓடினால் 'குரங்கு ரேகை' என்றார்கள். அது நோயற்ற பலரிடமும் உண்டு! ஒரு நோய்க்கு மங்கோலியரின் பெயரையே சூட்டினார்கள். மங்கோலியா கேட்டுக்கொண்ட பிறகு 1965-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. உறுப்புகளை விவரிக்கும் சொற்களை வல்லுநர்கள் உட்கார்ந்து சீர்செய்தது 2009-இல்தான். இப்போது நல்ல ஆசிரியர் சொல்லித் தருவது இது: தலைச்சுற்றளவை நாடாவால் அள; கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளியை அள; காதைப் பார், தகப்பன் காதையும் பார், ஒருவேளை அது குடும்பக் காது! கண்டதை எழுது, தீர்ப்பை எழுதாதே. படம் பிடிக்குமுன் அனுமதி கேள்.

அந்தக் காகிதம் பெட்டியில் உறங்குவதும் இல்லை. இதயத்தசை நோய் உள்ள ஒருவருக்கு, அது பரம்பரை நோய் என்று காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் பணம் மறுக்கப்பட்டது. அந்த நிபந்தனை பாரபட்சம் என்று 2018-இல் டில்லி உயர்நீதிமன்றம் சொன்னது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. கேஸ் ஷீட்டின் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் சோற்றுக்கணக்கு! அந்தப் படத்திலே, மருத்துவமனைக்கே வராத தங்கையின் வட்டமும் இருக்கிறது; நாளை அவளுக்கு வரன் பார்க்கவேண்டும். அதைக் கண்டவர் கையில் கொடுக்கலாமா?

பயிற்சி டாக்டரை மட்டும் குறை சொல்லமாட்டோம். வெளியே நீண்ட வரிசை நிற்கையில், ஐந்து நிமிடத்தில் மூன்று தலைமுறையை அவர் எப்படிக் கேட்பார்? இந்தப் பிரிவுக்கு ஆளும் நேரமும் கொடு என்று சர்க்காரைக் கேட்கிறோம்.

தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. குழந்தையைக் கொண்டுபோகும் முன்னாள் இரவு, வீட்டுப் பெரியவளை உட்காரவைத்து அப்பன் வழி, ஆத்தாள் வழி இரண்டையும் கேளுங்கள். சின்ன வயதில் செத்த பிள்ளைகளின் பெயரை அவள்தான் மறந்திருக்கமாட்டாள். ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். படம் போட்டு முடிந்ததும், "டாக்டர், எழுதியதைக் கொஞ்சம் படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.