பழைய வண்டியும் பழகிய கையும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. நமது மலைநாட்டில் எஞ்சியிருக்கும் பழைய ஆங்கில மோட்டார் சைக்கிள்களுக்கு இம்மொழி நன்கு பொருந்தும். ஓடுகின்ற பி.எஸ்.ஏ. வண்டிக்கு ஒரு மதிப்பு உண்டு. பிரித்துப் போட்டாலோ அதன் மேக்னெட்டோவுக்கும் கார்புரேட்டருக்கும் வேகமானிக்கும் தனித்தனியே விலை உண்டு. உயிருள்ள யானையை விட இறந்த யானை எளிதில் விலைபோகிறது என்பதே இவ்வண்டிகளுக்கு நேர்ந்துள்ள ஆபத்தாகும்.

பிரித்த பொருள் திரும்பச் சேர்வதில்லை என்பதை ராகலை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பொளை வழியாக 1904ஆம் ஆண்டில் இவ்வூருக்கு ரயில் வந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 2 அடி 6 அங்குலமே அகலமுள்ள சிறிய பாதை அது. 1948இல் அது மூடப்பட்டது, தண்டவாளங்களும் அகன்றன. இன்று அது பெரியோர் வாய்க் கதையாகவே வாழ்கிறது. பழைய மோட்டார் சைக்கிள்களும் அவ்வாறே கதையாகிவிட வேண்டுமா என்பதே நமது கேள்வி.

துரைமார் தோட்டத்தைச் சுற்றிவர இவ்வண்டிகளை உபயோகித்தனர். பி.எஸ்.ஏ., நோர்ட்டன், டிரையம்ப், மேட்ச்லெஸ், ரோயல் என்பீல்ட் என்ற பெயர்கள் அந்நாளில் பெரும் புகழ் பெற்றிருந்தன. மேட்ச்லெஸ் வண்டியைச் செய்த கம்பெனி 1966இல் நொடித்தது. 1970களின் தொடக்கத்தில் பி.எஸ்.ஏ. வீழ்ந்தது. டிரையம்பின் மெரிடன் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. இதற்கிடையில், 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. புதிய சாமான் வரும் வழி அடைபட்ட அக்காலத்தில் ஒரு வண்டி ஓடியதென்றால், அதற்குக் காரணம் உள்ளூர்க் கைத்திறனேயன்றி வேறில்லை.

அக்கைத்திறன் பிறந்த இடங்களுள் தேயிலைத் தொழிற்சாலையும் ஒன்று. கொழுந்தை உருட்டும் யந்திரங்கள் கெயின்ஸ்பரோ நகரின் மார்ஷல் கம்பெனியிலிருந்தும், உலர்த்தும் ‘சிரோக்கோ’ யந்திரங்கள் பெல்பாஸ்ட் நகரின் டேவிட்சன் கம்பெனியிலிருந்தும் வந்தவை. யந்திரங்களும் ஆங்கில நாட்டு முறையைச் சேர்ந்தவை. துரையின் மோட்டார் சைக்கிளும் அம்முறையைச் சேர்ந்ததே. ஆகவே, உருளை யந்திரத்தைப் பழுதுபார்த்த பிட்டரின் ஸ்பேனர்களும் புரி வெட்டும் கருவிகளும் மோட்டார் சைக்கிளின் பல ஆணிகளுக்கும் பொருந்தின. லயத்தில் வாழ்ந்த தொழிலாளி, கடைசல் யந்திரத்தின் முன் நின்று, கிடைக்காத புஷ்ஷையும் ஊசியையும் தாமே கடைந்தார்.

மாணவர்கள் இங்கே ஒரு பாடம் கற்கலாம். ஜோசப் விட்வர்த் என்பவர் 1841இல் திருகாணிகளுக்கு ஒரே அளவுமுறையை வகுத்தார். அதில் புரியின் கோணம் 55 பாகை. கால் அங்குல ஆணியில் ஓர் அங்குல நீளத்திற்கு 20 புரிகள் இருக்கும். மோட்டார் சைக்கிள்களில் இதனுடன் சைக்கிள் புரி என்ற நுண்ணிய வகையும் கலந்து வரும். அதில் கோணம் 60 பாகை. அங்குலத்திற்கு 26 புரிகள். இன்று கடையில் வாங்கும் 6 மில்லிமீட்டர் ஆணியிலோ அங்குலத்திற்கு ஏறத்தாழ 25 புரிகள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். ஆகையால் புதிய ஆணி பழைய துளையில் ஒன்றிரண்டு சுற்று இலகுவாகவே நுழையும். இறுக்கும்போது புரியை அறுத்துவிடும். அறுபது ஆண்டு தாங்கிய அலுமினிய உறையை அரை நிமிட அவசரம் கெடுத்துவிடுகிறது.

ராகலையின் மூடுபனியும் இவ்வண்டிகளைச் சோதிக்கிறது. மேக்னெட்டோவின் கம்பிச் சுருள்களுக்கு அக்காலத்தில் அரக்குப் பூசினர். நெடுநாள் கிடந்தால் அது ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் இளகும். காலையில் உதைத்தவுடன் கிளம்பும் வண்டி, மேட்டில் ஏறிச் சூடான பின் நின்றுபோனால், பெட்ரோலைக் குறை கூறுமுன் மேக்னெட்டோவின் சுருளையும் கண்டென்சரையும் சோதிக்க வேண்டும். புதுச் சுருள் சுற்றத் தெரிந்த ஒருவர் இருந்தால், கிடைத்தற்கரிய மேக்னெட்டோவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சில சாமான்கள் அண்மையிலேயே உண்டு என்பதையும் கூற வேண்டும். 350 சி.சி. என்பீல்ட் புல்லட் 1955இல் சென்னையில் உருவாகத் தொடங்கியது. 70 மில்லிமீட்டர் குறுக்களவும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட அதன் எஞ்சின், தாய்நாடான இங்கிலாந்தில் மறைந்த பின்னரும், தமிழ்நாட்டில் பல்லாண்டுகள் வாழ்ந்தது. பிறந்த வீடு கைவிட்ட பிள்ளையைப் புகுந்த வீடு காப்பாற்றியது என்று கூறினால் மிகையாகாது.

வண்டியைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்கும் இளைஞரும் உளர். மாற்றுவது பாவமன்று. 1950இல் வந்த நோர்ட்டனின் ‘இறகு மெத்தை’ எனும் சட்டத்தில் டிரையம்ப் எஞ்சினைப் பொருத்திய ‘டிரைட்டன்’ வண்டிகள், இங்கிலாந்து வாலிபரின் கைவண்ணமே. ஆயினும் ஒரு விதியை வலியுறுத்துவோம்: திருப்பி மாற்றக்கூடிய மாற்றத்தையே செய்யுங்கள். கைப்பிடியையும் ஆசனத்தையும் மாற்றலாம். கழற்றியதைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் வையுங்கள். சட்டத்தை அறுக்காதீர்கள், எஞ்சின் எண்ணை அராவாதீர்கள். அறுத்த சட்டம் ஒட்டலாம். அழிந்த எண் மீளாது.

இறுதியாக ஒன்று. பழைய வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளரின் பெயர் உண்டு. எஞ்சினில் கம்பெனியின் பெயர் உண்டு. அதனை நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடச் செய்த பிட்டரின் பெயரோ எங்கும் இல்லை. அரிய சாமான் எது என்று நம்மை வினவினால், அவர் கையே என்போம். லண்டனிலிருந்து கார்புரேட்டர் தருவிக்கலாம். அந்தக் கையைத் தருவிக்க இயலாது.

ஆகவே, பழைய வண்டியை வைத்திருக்கும் குடும்பத்தார் ஒரு கொப்பியை எடுத்து, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, யார் கடைந்தார் என்று எழுதிவைப்பார்களாக. மாணவர்கள் தம் ஊரிலுள்ள முதிய பிட்டரை அணுகி, புரியின் அளவு பார்க்கும் முறையைக் கேட்டறிவார்களாக. அவர் கூறுவதை அவர் பெயரோடு எழுதிவைத்தால், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் கூலி பாக்கி.