முசிறிச் சாலையில் அப்பா



பள்ளி விடுமுறை நெருங்கினால் நமக்கு வரும் வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: "எங்கள் தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? திருச்சிப் பக்கம் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது." சென்ற விடுமுறையில் நானும் அப்பாவை அழைத்துக்கொண்டு தாத்தாவின் ஊருக்குப் போய் வந்தேன். அதனால் கேட்ட எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அப்பா மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். எழுபது வயதைத் தாண்டியும் அதுவரை இந்தியாவை எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் முசிறியிலிருந்து ஊருக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், வழியில் எந்த வாய்க்கால் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பால் வெட்டு முடிந்த மாலை நேரங்களில் தாத்தா சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டது.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் சுமார் நாலு மணி நேரம்தான். அங்கே ஓட்டுநரோடு ஒரு காரை வாடகைக்கு எடுத்தோம். நாமே ஓட்டிக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்கு என் யோசனை: வேண்டாம். வண்டியை நிறுத்தி டீக்கடையில் விசாரிப்பதும், திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுப்பதும் உள்ளூர்க்காரருக்குத்தான் கைவரும்.

கொள்ளிடத்தைத் தாண்டி மேற்கே நாமக்கல் சாலையைப் பிடித்தால், குணசீலம் வழியாக முசிறி சுமார் 40 கிலோமீட்டர். இடப்பக்கம் காவிரி, வலப்பக்கம் வாழை, நடுநடுவே பாய் நெய்யப் பயிரிடும் கோரை. வழியெல்லாம் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. முசிறிப் பாலத்தருகே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அகலமாகக் கிடந்த ஆற்றைப் பார்த்துவிட்டு, அக்கரையைக் காட்டி, "அதுதான் குளித்தலை. தாத்தா ரயில் ஏறின இடம்" என்றார்.

குளித்தலை வழியே போகும் ஈரோடு–திருச்சி பாதையும், திருச்சி–நாகப்பட்டினம் பாதையும் 1860களிலேயே போடப்பட்டவை. காவிரிக் கரைக் கிராமத்து ஆள் வானம் பொய்த்த ஆண்டில் குளித்தலையில் ரயில் ஏறினால், தண்டவாளம் அவரை நேராக நாகப்பட்டினம் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து கப்பல், பிறகு பினாங்கு. அங்கே ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாம், அதன்பின் தோட்டம். 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதியில் முதலாளிமார் பணம் கட்டியதால் கூலியாட்களுக்குக் கப்பல் கட்டணம் கிடையாது. திருச்சி, கரூர், நாமக்கல், தஞ்சாவூர் என்று நம்மில் இத்தனை பேர் ஊர் சொல்வதற்கு வறட்சியும் கடனும் மட்டும் காரணமில்லை, அந்த இருப்புப் பாதையும் ஒரு காரணம். தாத்தா வந்தது 1930களின் நடுவில். 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதையே நிறுத்திவிட்டது.

ஊர் எல்லையில் ஒரு டீக்கடை. "மலாயாக்காரர் வீடு எது?" என்று ஓட்டுநர் கேட்டதும் ஒரு சிறுவன் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வந்தான். தாத்தாவின் தம்பி மகன், எனக்குச் சித்தப்பா முறை. அப்பாவைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "எங்க பெரியப்பா நெத்தி அப்படியே இருக்குதுண்ணே" என்றார். கையைப் பிடித்தார், உள்ளே அழைத்தார். இருந்தாலும் வீட்டில் ஒரு தயக்கம் தெரிந்தது. அது ஏன் என்று அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "தம்பி, நெலம் நீச்சுன்னு எதுவும் கேட்டு வரல. சாமி கும்பிட்டுட்டுப் போக வந்தோம்" என்றார். அதற்குப் பிறகுதான் பலகாரத் தட்டு வந்தது. போகிறவர்கள் இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். காணி அரைக்காணியில் காலம் தள்ளும் குடும்பம், கடல் கடந்த பங்காளி திடீரென்று வந்து நின்றால் கவலைப்படத்தான் செய்யும்.

சித்தப்பா பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே மலாயாத் தபால் தலை ஒட்டிய கடிதங்கள், மணியார்டர் ரசீதுகள், ஈப்போ ஸ்டூடியோ ஒன்றில் நாற்காலியைப் பிடித்தபடி தாத்தா நிற்கும் படம். கடிதங்களில் மிகப் பழையது 1946இல் எழுதியது. தோட்டத்துப் பள்ளி வாத்தியார் கையெழுத்து. கீழே தாத்தாவின் கைநாட்டு. மை மங்கிப் போயிருந்தாலும் ரேகைகள் தெரிந்தன. அப்பா அதன்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

அந்தக் கடிதத்துக்கு முன் பல ஆண்டுகள் தாத்தாவிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. ஜப்பான்காரன் காலம். சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப்போன தமிழர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை என்ற செய்தி மெல்ல மெல்ல ஊருக்கும் வந்திருக்கிறது. தாத்தாவும் செத்திருப்பார், காரியத்தைச் செய்துவிடலாம் என்று பங்காளிகள் முடிவெடுத்தார்களாம். கொள்ளுப்பாட்டி விடவில்லை. "என் புள்ள சாவலன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிக் குறுக்கே நின்றாராம். தாத்தா உயிரோடு இருந்த காலம் வரை இது அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் அன்றுதான் தெரிந்தது. தோட்டத்தின் கதையை நாம் வைத்திருக்கிறோம். காத்திருந்தவர்களின் கதை அங்கே இருக்கிறது. இரண்டையும் சேர்க்காமல் எந்தக் குடும்ப வரலாறும் முழுமையாகாது என்பது என் திடமான எண்ணம்.

மறுநாள் குலதெய்வமான பெரியண்ணசாமிக்குப் பொங்கல் வைத்தோம். எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு பெரியண்ணனும் ஒரு பெரியக்காவும் இருப்பார்கள். அங்கே போன பிறகு பார்த்தால், சுற்றுவட்டாரத்து வீடுகளில் பாதிக்கு அதே பெயர்கள். உங்கள் பாட்டன் பூட்டன் பெயர்களையும் எழுதிப் பாருங்கள். எந்தச் சாமியைக் கும்பிட்ட குடும்பம், அந்தச் சாமி எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பதற்கு அவை நல்ல தடயம்.

பொங்கல் பொங்கும்போது கோயிலுக்கு வந்த ஒரு பாட்டி அப்பாவிடம், "சூடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று மலாயில் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேராக்கில் பிறந்து வளர்ந்தவராம். 1969ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது கணவரோடு கப்பலேறியவர். அப்படித் திரும்பிப் போனவர்கள் பல்லாயிரம் பேர். நாங்கள் கொண்டுபோயிருந்த கோடாலித் தைலத்தை அவர் கையில் கொடுத்தபோது முகர்ந்து பார்த்துவிட்டு வெகு நேரம் அழுதார். அவருக்கு ஊர் என்பது நம் நாடு.

எல்லார் வீட்டுக்கும் இந்தப் பயணம் இனிக்கும் என்று சொல்ல மாட்டேன். மலாயாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். அவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க முடியாமல், பண்ணையாரின் கடனிலிருந்து தப்ப, இனி இந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று கிளம்பியவர்கள் உண்டு. உங்கள் தாத்தா ஊர்ப் பெயரை வேண்டுமென்றே சொல்லாமல் போயிருந்தால் அதற்கு அவருக்கு நியாயம் இருந்திருக்கும். அதைக் குடும்பத்தோடு பேசித் தெளிந்த பிறகு கிளம்புங்கள். "நீங்க எந்த ஆளுங்க?" என்ற கேள்வி இன்றும் அங்கே வரும். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை உங்கள் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தேடலை எங்கே தொடங்குவது? திருச்சியில் அல்ல, பழைய தோட்டத்தில். கங்காணிகள் தங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் சேர்த்தார்கள். ஆகையால் ஒரே லயத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். உங்கள் தாத்தாவின் ஊர்ப் பெயர் தெரியாவிட்டாலும், பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ஊர் தெரிந்தால் வழி கிடைக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய், அந்த மக்கள் திசைக்கொருவராகச் சிதறிவிட்டார்கள். நினைவுள்ளவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

அடுத்த இதழிலிருந்து இதற்காக ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், குலதெய்வம், தெரிந்தால் ஊரும் தாலுகாவும், இவற்றை எழுதி அனுப்புங்கள்; கட்டணம் இல்லை. உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்